மருதடிப் பேரப்பிள்ளைகள்

"மீசையில கை வைக்காதையுங்கோ!"

இராசேஸ்வரி அறைக்குள் இருந்து போட்ட சத்தத்தில், விறாந்தையில் அப்புத்துரையின் முகத்துக்குச் சவர்க்கார நுரை பூசிக்கொண்டிருந்தவர் சவரக்கத்தியை உயர்த்திப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"முழுக்க வழிக்கிறதுதானக்கா முறை."

"முறையை நீங்கள் வைச்சிருங்கோ. மீசை இல்லாட்டி அந்த மனுசனை எனக்கே மட்டுக்கட்டேலாது. நாளைக்கு நானும் மேல போய் எந்த முகத்தைத் தேடுறது?"

செத்தவீட்டில் சிரிக்கக் கூடாதுதான். பந்தலுக்குக் கீழே இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து வெற்றிலைத் தட்டத்தை ஆராயத் தொடங்கினார்கள். மீசை தப்பியது.

நேற்று மத்தியானம் வரைக்கும் அப்புத்துரைக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை. சாய்மனைக் கதிரையில் இருந்து, கோப்பையை மடியில் வைத்து, சோறும் நெத்தலிச் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி, "சொதிக்கு உப்புக் காணாதப்பா" என்றார். "ஆஸ்பத்திரிக்குச் சமைச்ச கையெண்டு எடுப்பைப் பார்" என்று புறுபுறுத்தபடி இராசேஸ்வரி குசினிக்குள் போனாள். இன்னும் நாலு வார்த்தை கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு உப்புச் சிரட்டையோடு அவள் மெதுவாகத் திரும்பி வந்தபோது ஆள் போய்விட்டார். கோப்பை மட்டும் சரியாமல் மடியில் இருந்தது. கொடுக்க வைத்திருந்த மறுமொழி இன்னும் அவள் தொண்டைக்குள்தான் நிற்கிறது. இரவு முழுக்க அழுதும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

இப்போது அவள் மனதைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு விசயம். பந்தம்.

பிரேதத்தைக் குளிப்பாட்டி வைத்து, உரலில் சுண்ணப்பொடி இடிக்கும்போது, பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். வட்டக்கச்சியில் எந்தச் செத்தவீட்டிலும் ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். எத்தனை பந்தம் எரிந்தது என்று பிறகு சந்தையில் வைத்துக் கதைப்பார்கள். அப்புத்துரைக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பேரன் எங்கிருந்து முளைப்பான்?

போன மாசி மாதம் வாய்க்காலுக்கு அங்காலை ஒரு கிழவருக்குப் பேரப்பிள்ளைகள் பட்டாளமாக நின்று பந்தம் பிடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அப்புத்துரை, கிணற்றடியில் தலைக்கு வார்த்தபடி, "எனக்கு நீ ஒரு ரோச்லைற் அடிச்சுவிட்டாக் காணும்" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அந்த மனுசன் வழமையைவிடக் கனநேரம் குளித்தார். அதை அவள் கவனித்தாள், கேட்கவில்லை.

பக்கத்து வளவுக் கஜனி தேத்தண்ணிக் கேத்திலோடு வந்தாள். செத்தவீட்டில் பிரேதம் போகும்வரை அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் காலையில் இருந்து கஜனிதான் எல்லாம். இராசேஸ்வரி அவளை மெல்ல மூலைக்கு இழுத்தாள்.

"பிள்ளை, உன்ர பெடியள் ரண்டையும் ஒருக்கா விடுவியே? ஒரு அஞ்சு நிமிசம் பந்தத்தைப் பிடிச்சாக் காணும்."

கஜனி கேத்திலைக் கீழே வைத்தாள். "அன்ரி, கோவிக்காதையுங்கோ. எங்கட மாமா உயிரோட இருக்கிறாரல்லே. பேரன்மார் வேற ஆளுக்குப் பந்தம் பிடிச்சதெண்டு கேள்விப்பட்டா, மனுசன் அந்த ஏக்கத்திலேயே படுத்திடுவார்."

"சரி சரி, விடு. தேத்தண்ணியைக் குடு ஆக்களுக்கு."

அப்புத்துரையின் தம்பி வீரகத்தி வந்து வாசலில் நின்றார். சலவை வேட்டி, கையில் கைபேசி, முகத்தில் எல்லாப் பொறுப்பும். "மச்சாள், கொள்ளியை எங்கட மகன் நிருஷன் வைப்பான். பந்தத்தை விடுவம். இல்லாததுக்கு என்ன செய்யிறது? மழை இருட்டுது, வெள்ளன எடுத்திடவேணும்."

வீரகத்தி கெட்ட மனுசன் இல்லை. ஆனால் தமையன் விசராஸ்பத்திரியில் சமைக்கப் போன நாளில் இருந்து அவருக்கு ஒரு வெட்கம். யாராவது கேட்டால், "அண்ணை புதுக்குடியிருப்பில கடை வைச்சிருக்கிறார்" என்பார். என்ன கடை என்று கேட்டால் அதற்கும் மறுமொழி வைத்திருந்தார். இல்லாத அந்தக் கடையில் சீனி என்ன விலை என்று ஒருமுறை இராசேஸ்வரியிடமே கேட்டவர்கள் உண்டு. அதை அவள் மறப்பாளா?

மருதடி ஆஸ்பத்திரி என்று சொன்னால் புதுக்குடியிருப்புப் பக்கம் பழைய ஆட்கள் சிலருக்கு இன்னும் தெரியும். காட்டோரத்தில் முதலில் அது மரம் அரியும் ஒரு மரக்காலை. மரக்காலைக்காரர் நட்டப்பட்டுப் போனபிறகு, ஒரு டொக்டரம்மா அந்தக் கொட்டில்களைக் கேட்டு வாங்கி, மனம் சுகமில்லாதவர்களை வைத்துப் பார்க்கத் தொடங்கினார். கட்டில் கிடைத்தது, மருந்து கிடைத்தது, மதில் கட்ட மட்டும் வழி கிடைக்கவில்லை. ஆட்கள் காட்டுக்குள் நடந்து போய்விடுவார்கள், தேடிப் பிடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அப்போதுதான் சமையலுக்கு வந்த அப்புத்துரை ஒரு தண்டவாளத் துண்டை மருதமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, சோறு வெந்ததும் ஒரு பாலைமரக் கட்டையால் அடித்தார். இரும்பால் அடித்தால் சிலர் பயந்து காதைப் பொத்துவார்கள் என்றுதான் கட்டை. எங்கே போனவர்களும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி வந்தார்கள். டொக்டரம்மா மதில் கதையை அதோடு விட்டார்.

"என்ர கறிதான் அங்க மதில்" என்று அப்புத்துரை கடைசிவரை பெருமை அடித்தார்.

பிறகு சண்டை வந்தது. எல்லாரையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கதையை மட்டும் அப்புத்துரை சொன்னதில்லை. மீளக் குடியேறிய பிறகு ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதடிக்குப் போனார். கூரை இல்லை, மருதமரத்து வேர் சமையல்கட்டுக்குள் புகுந்துவிட்டது, நோயாளர் இருந்த கொட்டிலுக்குள் யானை படுத்தெழும்பிய தடம். தண்டவாளத் துண்டும் கட்டையும் மட்டும் கொடிக்குள் கிடந்தன. மற்ற ஆட்கள் பழைய வளவுகளைக் கிண்டித் தாலிக்கொடியும் காப்பும் எடுத்துக்கொண்டு வந்த காலத்தில், இந்த மனுசன் சைக்கிள் கரியரில் இரும்பைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இராசேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். அது முற்றத்து வேம்பில் ஏறியது. இரண்டே பேருக்குச் சோறாக்கினாலும் அவர் அதில் தட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுவார்.

பறைச் சத்தத்துக்கு மேலாக டப டப டப என்று ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்து படலையடியில் நின்று, இருமி அணைந்தது. அதன் பெட்டியில் இருந்து மூன்று பேர் ஒருவரை ஒருவர் பிடித்துப் பிடித்து இறங்கினார்கள்.

முன்னால் வந்தவர் புனிதமலர். கைப்பையும் குடையுமாக, தபாற்கந்தோருக்கு வந்தவர்போல நிமிர்ந்து நடந்தார். பின்னால் ஸ்ரனிஸ்லஸ், முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், ஆனை உடம்பு, தலை முழுக்க நரை. இளந்தாரியாக இருந்தபோது கடலோடு வாய்த்தர்க்கப்படுகிறார் என்று தமையன்மார் மருதடியில் கொண்டுவந்து விட்டவர். கடைசியாக வீரம்மா, அப்புத்துரையைவிட மூத்தவர், வாயில் ஒரு பல்லும் இல்லை, எந்த நேரமும் ஏதோ ஒரு தேவாரத்தை முணுமுணுப்பார். மருதடியில் மிஞ்சிய இந்த மூன்று பேரும் இப்போது தர்மபுரத்தில் ஒரு இல்லத்தில் இருக்கிறார்கள். மாதத்தில் ஒருமுறை அப்புத்துரை ஏதாவது சமைத்துக் கட்டிக்கொண்டு, நிருஷனின் ஓட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"உவைக்கு ஆர் சொன்னது?" என்றார் வீரகத்தி.

நிருஷன் பந்தல் கயிற்றை மும்முரமாக இழுத்துக் கட்டத் தொடங்கினான். ஏற்கெனவே கட்டின கயிறுதான் அது.

புனிதமலர் நேரே இராசேஸ்வரியிடம் வந்தார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "அரிசி எங்க?" என்றார்.

இராசேஸ்வரிக்கு உடனே விளங்கிவிட்டது. எத்தனை தடவை கேட்ட கதை! மருதடியில் ஒருவர் செத்தால் ஊரில் இருந்து சொந்தம் வராது. சொல்லி அனுப்பினாலும் வராது. அதனால் டொக்டரம்மா ஒரு வழக்கம் வைத்தார். சுளகில் அரிசி வைக்கப்படும். ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி அள்ளி, இன்றைக்கு நான் இவருக்கு இன்ன உறவு என்று உரத்துச் சொல்லவேண்டும். சொன்னால் சொன்னதுதான். தாய் என்றவள் தாயாக அழுவாள், மகன் என்றவன் முன்னால் நடப்பான். அப்புத்துரை எப்போதும் மச்சான். செத்தவரைப் பகிடி பண்ணும் உரிமை மச்சானுக்குத்தான் என்பது அவர் கட்சி. ஒருமுறை பெண்சாதி என்று சொன்ன ஒருத்தி, மாதக்கணக்காக வெள்ளைச் சீலையைக் கழற்ற மறுத்துவிட்டாள். அதன்பிறகு டொக்டரம்மா ஒரு சட்டமும் போட்டார். பின்னேரச் சாப்பாட்டு மணி அடித்ததும் உறவு முடிந்தது, எல்லாரும் பழையபடி அவரவர்.

இதை முதலில் கேட்டபோது, "விசர் அவையளுக்கோ உங்களுக்கோ?" என்று இராசேஸ்வரி கேட்டிருக்கிறாள். இப்போது அவள் ஓடிப்போய்ச் சுளகை எடுத்து வந்தாள். வந்த வேகத்தில் அரிசி கொஞ்சம் சிந்தியது.

புனிதமலர் ஒரு பிடி அள்ளினார். பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னார். "நான் மகள். மூத்தவள்."

ஸ்ரனிஸ்லஸ் அள்ளினார். பெரிய கை, சுளகில் பாதி காலி. "நான் பேரன்."

வீரம்மா முணுமுணுப்பை நிறுத்தினார். "பேத்தி" என்றார் பொக்கை வாயால். "கடைக்குட்டி."

பந்தலுக்குள் யாரோ தும்முவதுபோலச் சிரித்தார்கள். ஸ்ரனிஸ்லஸ் இராசேஸ்வரியின் முன்னால் வந்து, குனிந்து, மிக மரியாதையாக, "அழாதையுங்கோ அம்மம்மா" என்றார்.

"ஆர் அம்மம்மா? எனக்கும் உமக்கும் மிஞ்சினா மூண்டு வயசு வித்தியாசம் இருக்குமோ?" என்று சீறியவள், அந்த நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு அவள் கண்கள் பந்தத் தடிகள் சாத்திவைத்திருந்த மூலைக்குப் போயின. குருக்களின் ஆள் வழமைப்படி கொண்டுவந்து, தேவையில்லை என்று வீரகத்தி ஒதுக்கிவைத்த தடிகள். "நில்லும்" என்றாள். "அப்பிடியே நில்லும் ராசா."

அவள் தடிகளை எடுத்துக்கொண்டு வருவதைக் கண்ட வீரகத்தி குருக்களிடம் பாய்ந்தார். "ஐயா, உவை எங்கட சொந்தமில்லை. விசராஸ்பத்திரி ஆக்கள். ரண்டுபேர் சிலுவை போட்ட வேதக்காரர் வேற. ஊர் சிரிக்கப்போகுது."

குருக்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று பேரையும் ஒருமுறை வடிவாகப் பார்த்தார். பிறகு இராசேஸ்வரியைப் பார்த்தார். "அம்மா, இவை ஆர்?"

குருக்கள் மாட்டேன் என்றால் முடிந்தது. அவள் மனுசன் இருட்டில்தான் போகவேண்டும்.

"என்ர பேரப்பிள்ளையள் ஐயா" என்றாள். "கொஞ்சம் வளந்திட்டுதுகள்."

இந்தத் தடவை ஒருவரும் வெற்றிலைத் தட்டத்தைப் பார்க்கவில்லை. பறையடித்தவர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். குருக்களின் வயிறு பூணூலோடு சேர்ந்து குலுங்கியது.

"பேரப்பிள்ளைக்கு இத்தனை வயசெண்டு நான் படிச்ச சாத்திரத்தில இல்லை" என்றார். "நெய்யை ஊத்துங்கோ. பந்தத்தைக் கொளுத்துங்கோ."

ஸ்ரனிஸ்லஸ் சிலுவை போட்டுவிட்டுப் பந்தத்தை வாங்கினார். வீரம்மாவின் கை தளர்ந்ததால் கஜனி ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். உலக்கை உரலில் விழ, குருக்கள் பாட, வீரம்மா அவரை முந்திக்கொண்டு பாடினார். ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. மழை மூட்டத்தால் இருண்டு கிடந்த பந்தலுக்குள் பந்த வெளிச்சம் அப்புத்துரையின் முகத்தில் விழுந்தது. மீசை நல்ல கறுப்பாகத் தெரிந்தது. போன கிழமைதான் மை பூசியிருந்தார், கள்ளன். இராசேஸ்வரி வாய்விட்டு அழுதாள். அவளுக்கு அந்த நேரம் இருந்தது சந்தோசம்தான்.

பிறகு வாய்க்கரிசி. சுளகைப் புனிதமலர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மூத்த மகள் அல்லவா? வருகிறவர்களை அவர் சும்மா விடவில்லை.

"நீர் ஆர்?"

"நான் பக்கத்து வீடு" என்றாள் கஜனி.

"பக்கத்து வீடு உறவில்லை. வேறை சொல்லும்."

கஜனி திரும்பிப் பார்த்தாள். "சரி... மருமகள்."

"ம். அள்ளும்."

அதற்குப் பிறகு வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே யோசிக்கத் தொடங்கினார்கள். வயலுக்குத் தண்ணி திருப்புவதில் அப்புத்துரையோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடித்த ஒருவர், "மச்சான்" என்று சொல்லி அரிசியைப் போட்டுவிட்டு மூக்கைச் சீறினார்.

வீரகத்தியின் முறை வந்தது. அவர் பேசாமல் கையை நீட்டினார். புனிதமலர் சுளகைப் பின்னுக்கு இழுத்தார்.

"நீங்கள் ஆர்?"

"எல்லாருக்கும் தெரியுந்தானே."

"எனக்குத் தெரியாது. மருதடிக்கு நீங்கள் வரேல்லை. சொல்லிப்போட்டு அள்ளுங்கோ."

வீரகத்தி பந்தலைப் பார்த்தார், மகன் நிருஷனைப் பார்த்தார், கடைசியாக மீசையோடு படுத்திருந்த தமையனைப் பார்த்தார். "தம்பி" என்றார், வாய்க்குள்.

"கேக்கேல்லை."

"தம்பி! நான் இவற்ற தம்பி! இவருக்கு இருக்கிற ஒரே ஒரு தம்பி!" சொல்லி முடிக்குமுன் சலவை வேட்டியோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "அண்ணை, நீ கடையும் வைச்சிருக்கேல்லை, ஒண்டும் வைச்சிருக்கேல்லை. நான்தான் புளுகித் திரிஞ்சனான்" என்று குழந்தைப்பிள்ளைபோல அழுதார். ஸ்ரனிஸ்லஸ் அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் தட்டி, "எழும்புங்கோ சின்னப்பா" என்றார். உறவுமுறை பிசகிவிட்டது. ஒருவரும் திருத்தவில்லை.

ஆண்கள் சுடலைக்குப் போய்த் திரும்பி, கிணற்றடியில் குளித்து முடிக்கும்போது மழை பெய்து ஓய்ந்திருந்தது. வீடு கழுவியாயிற்று. கஜனி வீட்டில் இருந்து சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. ஆட்கள் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கலைந்தார்கள். வீரகத்தி நிருஷனோடு நின்று கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மருதடிக்காரர் மூன்று பேரும் மட்டும் வேம்புக்குக் கிட்ட மரவாங்கிலில் வரிசையாக இருந்தார்கள். மடியில் சோற்றுக் கோப்பை. ஒருவரும் வாய் வைக்கவில்லை. மூன்று பேரும் மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. படலையடியில் லான்ட்மாஸ்ரர்க்காரன் காத்திருந்தான்.

"என்ன, ஒருத்தரும் சாப்பிடேல்லை? கறி பிடிக்கேல்லையோ?" என்றாள் இராசேஸ்வரி.

"மணி அடிக்கேல்லை அம்மம்மா" என்றார் ஸ்ரனிஸ்லஸ்.

"அதுக்கு?"

புனிதமலர் கைப்பையின் பிடியைத் திருகினார். "அடிச்சாத்தானே சாப்பிடலாம். அடிச்சுப்போட்டா..." நிறுத்தி, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார். "அடிச்சுப்போட்டா நாங்கள் பேந்து பழையபடி ஆரோதானே. பரவாயில்லை, அடியுங்கோ. இருட்டப்போகுது. லான்ட்மாஸ்ரர்க்காரனும் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

வீரம்மாவின் முணுமுணுப்பு நின்றது.

இராசேஸ்வரி விறாந்தைக்கு ஏறினாள். மழையில் ஊறாமல் இருக்க அப்புத்துரை எப்போதும் பாலைக்கட்டையை விறாந்தைக் கூரைக்குள்தான் செருகி வைப்பார். அவள் எட்டி அதை இழுத்து எடுத்தாள். இத்தனை வருசம் அடித்து அடித்து ஒரு பக்கம் தேய்ந்து வழுவழு என்று இருந்தது. அதைக் கையில் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு குசினிக்குள் போனாள்.

அடுப்பு நேற்று மத்தியானம் அணைந்தது. விறகெல்லாம் ஈரம். தேங்காய்ப் பொச்சுமட்டையை வைத்து, மண்ணெண்ணெய் தெளித்து, அதற்கு மேலே பாலைக்கட்டையை வைத்து நெருப்புக் குச்சியைத் தட்டினாள். முதலில் புகைந்தது. பிறகு பற்றியது. கேத்திலைத் தூக்கி வைத்தாள்.

ஸ்ரனிஸ்லஸ் குசினி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். "அம்மம்மா! அது மணிக்கட்டையெல்லே!"

"ஓம். விறகு ஈரமடா. தேத்தண்ணி வைக்கவேணும்." புகையில் அவள் கண்ணைக் கசக்கினாள். "லான்ட்மாஸ்ரர்க்காரனையும் கூப்பிடு, அவனும் சாப்பிட்டிட்டுப் போகட்டும். நீங்கள் எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியத்தான் போறியள். போய்ச் சொல்லு கொம்மாவுக்கும் தங்கச்சிக்கும், சோறு ஆறப்போகுது."

அவன் அடுப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாங்கிலுக்குப் போய் ஏதோ சொன்னான். கோப்பைகளின் சத்தம் கேட்டது.

"அம்மம்மா," என்று முற்றத்தில் இருந்து ஸ்ரனிஸ்லஸின் குரல் வந்தது, "பருப்புக்கு உப்புக் காணாது."

இராசேஸ்வரி உப்புச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் கோப்பையை நீட்டியபடி இருந்தான்.